உப்புத் திண்டா உண்மையிலேயே கூடாதா? பிறசர் உள்ள வீடுகளுக்கு ஒரு எளிய விளக்கம்

பிறசர் (உயர் ரத்த அழுத்தம்) எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் எண்டா எங்கட வீடுகளில முதல் நடக்கிற வேலை சாப்பாட்டு மேசையில நிண்ட உப்புப் போத்தலை எடுத்து ஒளிக்கிறதுதான். அதே வீட்டில அண்டைக்கு மத்தியானம் சோத்தோட கருவாட்டுப் பொரியல் இருக்கும், மோர்மிளகாய் இருக்கும், தேசிக்காய் ஊறுகாய் இருக்கும், பின்னேரம் தேத்தண்ணியோட ஒரு பை மிக்சர் போகும், இரவைக்குப் பாணும் சம்பலும். ஆனா போத்தல் மேசையில இல்லைத்தானே, அதால உப்பு குறைச்சாச்சு எண்டு எல்லாரும் நிம்மதியா இருப்பினம்.

மற்றப் பக்கத்தில வட்ஸ்அப்பில ஒரு வீடியோ சுத்தும், உப்பு கூடாது எண்டுறது மருந்துக் கொம்பனியள் கட்டிவிட்ட கதை, எங்கட பாட்டன் பூட்டன் எல்லாம் கருவாடும் பழஞ்சோறும் திண்டு தொண்ணூறு வயசுவரைக்கும் இருந்தவை எண்டு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம்தான், ஆனா அது சோம்பேறிப் பதில். உடம்புக்குள்ள போன உப்பு என்ன செய்யுது எண்டு ஒருக்கா வடிவா விளங்கிச்சுதெண்டா ஆர் எவ்வளவு தூரம் சரியாக் கதைக்கினம் எண்டு நீங்களே பிடிச்சிடுவியள்.

## உப்பும் சோடியமும்

நாங்கள் கறிக்குப் போடுற உப்பு ரெண்டு சாமான் சேந்தது, ஒண்டு சோடியம் மற்றது குளோரைட். பிறசர்க் கதையில கெட்ட பேர் எடுத்தது சோடியம்தான். உப்பின்ர நிறையில 100க்கு 40 பங்கு மட்டில சோடியம், அதாவது 5 கிராம் உப்புக்குள்ள 2 கிராம் சோடியம். இந்தக் கணக்கை மறக்காதேங்கோ, ஏனெண்டா சாப்பாட்டுப் பக்கெற்றுகளில சிலதில உப்பு எண்டு கிடக்கும் சிலதில சோடியம் எண்டு கிடக்கும், சோடியம் 800 மில்லிகிராம் எண்டு பாத்திட்டு ஒரு கிராம்கூட இல்லையே எண்டு சந்தோசப்பட்டா அது 2 கிராம் உப்புக்குச் சமன்.

உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆக்களுக்குச் சொல்லுற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய உப்பு. தலை தட்டின தேக்கரண்டியால ஒண்டுக்குக் கொஞ்சம் குறைவு எண்டு வையுங்கோ. கறி, சொதி, சம்பல், பாண், கடைச் சாப்பாடு எல்லாம் சேத்துத்தான் இந்த 5 கிராம். உலகச் சராசரி இதில ரெண்டு மடங்கு தாண்டி நிக்குது, 10 கிராமுக்கு மேல.

இப்ப எங்கட ஊர்க் கதையளுக்கு வருவம். உப்பை வறுத்துப் போட்டா பிறசருக்கு ஒண்டும் செய்யாது எண்டு நம்புற ஆக்கள் இன்னும் எக்கச்சக்கம். உப்பு உருகவே 801 பாகை செல்சியஸ் வேணும், எங்கட தாச்சி அந்தப் பக்கமே போகாது, போய் உருகினாலும் அது உப்புத்தான். வறுக்கேக்க போறது ஈரம் மட்டும்தான், சோடியம் அப்பிடியே கிடக்கும். அடுத்தது பச்சை உப்புக் கதை.

"பிள்ளை, கறிக்கு உப்புக் காணாது, கொஞ்சம் கொண்டா."

"அப்பா, பச்சை உப்புப் போடவேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?"

"அப்ப அதைக் கறிக்குள்ள போட்டு ஒரு கொதி விட்டுக் கொண்டாவன்."

டொக்டர் சொன்னது மேல தூவுறதை விடச்சொல்லி, இவர் விளங்கினது வெந்த உப்பு பிரச்சினையில்லை எண்டு. கொதிச்ச உப்பும் பச்சை உப்பும் வயித்துக்குள்ள போனபிறகு ஒரே சாமான்தான்.

இந்துப்பும் அப்பிடித்தான். அந்த இளஞ்சிவப்பு நிறம் கொஞ்ச இரும்பால வாறது, மிச்சம் அனேகமா முழுக்க நாங்கள் பாவிக்கிற அதே சோடியம் குளோரைட். அதில ஒரு நட்டமும் இருக்கு, இலங்கையில 1995 இல இருந்து சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேக்கவேணும் எண்டு சட்டம், கழலை வராம இருக்கத்தான் அது, இந்துப்பில அனேகமா அந்த அயடின் இராது. கல்லுப்பில சின்ன வித்தியாசம் ஒண்டு உண்மைதான், கல்லுக்கு இடையில காத்து நிக்கிறதால ஒரு கரண்டி கல்லுப்பு ஒரு கரண்டி தூள் உப்பை விட நிறை குறைவு, ஆனா ருசிக்கு வரும்வரைக்கும் போடுற ஆக்களுக்கு அதால ஒரு லாபமும் இல்லை. ஆனையிறவு உப்பெண்டாலென்ன, அம்பாந்தோட்டை உப்பெண்டாலென்ன, 2025 இல தட்டுப்பாடு வந்தநேரம் இந்தியாவில இருந்து இறக்கின உப்பெண்டாலென்ன, கிட்னிக்கு எல்லாம் ஒண்டுதான். ஊர்ப்பாசத்தில ஆனையிறவு உப்பு வாங்குங்கோ, நானும் கடையில அதைத்தான் தேடுறனான், ஆனா சுகத்துக்கு எண்டு சொல்லி வாங்கத் தேவையில்லை.

இதுவரைக்கும் விசயம் இவ்வளவுதான்: பாக்கவேண்டியது சோடியம், 5 கிராம் உப்பில 2 கிராம் சோடியம், நிறமோ வறுவலோ அதை மாத்தாது.

## உப்பே இல்லாட்டி உடம்பு ஓடாது

சோடியம் நஞ்சில்லை. நரம்பு வழியா ஒரு செய்தி போறதுக்கும் தசை சுருங்கி விரியிறதுக்கும் சோடியம் வேணும், இதயமும் தசைதானே. ரத்தத்தில சோடியம் ஒரு லீற்றருக்கு 135 இல இருந்து 145 மில்லிமோல் எண்ட ஒரு குறுகின எல்லைக்குள்ளதான் நிக்கவேணும் (மில்லிமோல் எண்டுறது லாப்காரர் துணிக்கையளை எண்ணிச் சொல்லுற ஒரு அலகு, ரிப்போட்டில பாத்திருப்பியள்), கீழ போனாலும் மேல போனாலும் முதல் தடுமாறுறது மூளை.

வயித்தாலடி வந்த பிள்ளைக்கு ஜீவனி கரைச்சுக் குடுக்கிறம், அதுக்குள்ள இருக்கிறதில முக்கியமான ரெண்டு சாமான் குளுக்கோசும் உப்பும். குடல் சுவரில குளுக்கோசும் சோடியமும் சேந்து உள்ள போற ஒரு வாசல் கிடக்கு, ரெண்டும் சோடியா வந்தாத்தான் அது நல்லா வேலை செய்யும், அதுகள் போக தண்ணியும் பின்னால போகும். வெறுந்தண்ணி குடுத்தா அவ்வளவு பிடிக்காது. உலகம் முழுக்கக் கணக்கில்லாத பிள்ளையளைக் காப்பாத்தினது இந்தக் கரைசல், அதில உப்பு ஒரு பாதி எண்டதை உப்பைத் திட்டுற ஆக்கள் மறந்துபோகினம்.

## தண்ணி உப்புக்குப் பின்னால போகும்

பாவற்காயை வட்டம் வட்டமா வெட்டி உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வச்சிட்டு தேங்காய் துருவி முடிச்சுப்போட்டு வந்து பாருங்கோ, கோப்பைக்கு அடியில மஞ்சளாத் தண்ணி நிக்கும், முறுக்கா இருந்த துண்டெல்லாம் சோந்துபோய்க் கிடக்கும். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணியும் விடேல்லை. வெளியில உப்பு கூடினபடியால காய்க்குள்ள இருந்த தண்ணி உப்பு இருக்கிற பக்கத்துக்கு இறங்கி வந்திட்டுது. ஓ எல் விஞ்ஞானத்தில பிரசாரணம் எண்டு படிச்சது உதுதான், மெல்லிய சுவர் ஒண்டைத் தாண்டி தண்ணி உப்புக் கூடின பக்கத்துக்குப் போறது.

உடம்புக்குள்ளயும் அதேதான் நடக்குது. உப்புக் கூடச் சாப்பிட்டா சோடியம் ரத்தத்துக்க வருது, 145 ஐத் தாண்ட விடக்கூடாதெண்டு மூளை உடனே தாகத்தைக் கிளப்பும், தண்ணி குடிப்பம், அந்தத் தண்ணியும் உள்ள இருந்த தண்ணியும் சோடியத்தைச் சுத்தி நிண்டு அடர்த்தியைச் சரியாக்கும். அடர்த்தி சரி, ஆனா ஓடுற ரத்தத்தின்ர அளவு கூடிப்போச்சு. எவ்வளவு கூடும் எண்டு ஒரு மதிப்புக்கு ஆசுபத்திரியில ஏத்துற சேலைனைப் பாருங்கோ, சாதாரண சேலைன் ஒரு லீற்றரில 9 கிராம் உப்பு, உடம்பின்ர நீரும் கிட்டத்தட்ட அந்த உப்புத்தன்மைதான். அப்ப 9 கிராம் உப்பை உடம்பு வெளியில விடாம வச்சிருந்தா அதோட ஒரு லீற்றர் தண்ணியையும் வச்சிருக்கவேணும். கால் வீங்கின ஆக்களுக்கு டொக்டர்மார் உப்பைக் குறையுங்கோ எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறதுக்குக் காரணம் இதுதான். (அரைலீற்றர் சேலைன் பையில நாலரைக் கிராம் உப்பு. களைப்பா இருக்கு ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ எண்டு தனியார் கிளினிக்கில போய்க் கேக்கிற ஆக்கள் தங்களுக்குச் சத்து ஏறுது எண்டு நினைக்கினம், ஏறுறது உப்புத்தண்ணி.)

இனித்தான் பிறசர். தோட்டத்துக்கு இறைக்கிற மெசினையும் அதில பூட்டின ஹோஸ் பைப்பையும் நினைச்சுக்கொள்ளுங்கோ, மெசின் இதயம், பைப் ரத்தக்குழாய். ஒரே பைப்புக்குள்ள கூடத் தண்ணியைத் தள்ளினா பைப் விம்மும், பைப்பை நெரிச்சாலும் விம்மும். உப்பு ரெண்டு வேலையும் செய்யுது. தண்ணியின்ர அளவைக் கூட்டுறது முதலாவது. ரெண்டாவது, மாதக்கணக்கா வருசக்கணக்கா கூடின உப்பில கிடந்த ரத்தக்குழாய்ச் சுவர் இளகிக் குடுக்கிறது குறைஞ்சு விறைச்சுப்போகும். பைப் எண்டா பழுதாப்போனா மாத்தலாம், மூளைக்குப் போற குழாயை அப்பிடி மாத்தேலாது.

## கிட்னி செய்யிற வேலை

சரி, அப்ப ஏன் உப்புச் சாப்பிடுற எல்லாருக்கும் பிறசர் வாறேல்லை? இங்கதான் கிட்னி வருது, எனக்கு இந்த முழுக்கதையிலயும் பிடிச்ச இடமும் இதுதான். கிட்னியள் ரெண்டும் ஒரு நாளைக்கு 180 லீற்றர் மட்டில நீரை வடிக்கினம், வடிச்சதில கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி ரத்தத்துக்க எடுத்துப்போட்டு ஒண்டு ரெண்டு லீற்றரை மட்டும் மூத்திரமா விடுகினம். திருப்பி எடுக்கேக்க எவ்வளவு சோடியத்தை விடுறது எவ்வளவை வச்சிருக்கிறது எண்டு முடிவெடுக்கிறதும் அவைதான். இளம் வயசில கிட்னி நல்லா இருந்தா ஒரு நாள் கலியாண வீட்டில உப்பாத் திண்டாலும் ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள கூடின சோடியம் வெளியில போயிடும், பிறசரில பெரிசா ஒண்டும் தெரியாது.

ஆனா வயசு போகப்போக, இல்லாட்டி சலரோகத்தால கிட்னி பழுதாகத் தொடங்கினா, இல்லாட்டி பிறப்பிலயே அந்தத் தன்மை இருந்தா, அதே உப்பை வெளியில தள்ளக் கிட்னிக்குக் கஷ்டம். அப்ப அது என்ன செய்யும்? கூடின பிறசரில ரத்தம் வந்தா வடிகட்டித் தள்ளுறது சுகம், அதால உடம்பு பிறசரைக் கூட்டி வச்சு உப்பை வெளியேத்துது. அதாவது பிறசர் ஏறுறது உப்புக் கணக்கைச் சரிக்கட்ட உடம்பு குடுக்கிற விலை, கணக்கு ஒவ்வொரு நாளும் சரிதான், கடன் ஏறுறது குழாய்ச் சுவரில. இப்பிடி உப்புக்கு ஏத்தமாதிரி பிறசர் ஏறி இறங்குற ஆக்களை உப்புணர்வு கூடின ஆக்கள் எண்டு சொல்லலாம். வயசான ஆக்கள், ஏற்கெனவே பிறசர் உள்ள ஆக்கள், சலரோகக்காரர், கிட்னி வருத்தக்காரர் இதில கூட. உங்களுக்கு இருக்கோ எண்டு கண்டுபிடிக்க ஒரு சுகமான ரெஸ்ற் இல்லை.

அதோட தலை சுத்தினாத்தான் பிறசர் எண்டு இருக்கிறதும் பிழை. பிறசரின்ர மேல் நம்பர் 150, 160 இல நிக்க வருசக்கணக்கா ஒரு குணங்குறியும் இல்லாம தோட்டம் கொத்தித் திரியிற ஆக்கள் இருக்கினம், அளந்து பாத்தாத்தான் தெரியும்.

சுருக்கமா, உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், கிட்னி அதை வெளியேத்தும், கிட்னி இயலாமப் போகேக்க பிறசர் ஏறும், ஏறினது தெரியவராது.

## உப்பைக் குறைச்சா எவ்வளவு இறங்கும்

2013 இல வெளிவந்த ஒரு தொகுப்பில பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை. ஒரு நாளைக்கு நாலரைக் கிராம் மட்டில உப்பைக் குறைச்சு ஒரு மாதம் போல இருந்தா பிறசர் உள்ள ஆக்களுக்கு மேல் நம்பர் சராசரியா 5 புள்ளிக்குக் கொஞ்சம் கூட இறங்கினது, பிறசர் இல்லாத ஆக்களுக்கு ரெண்டரை மட்டில. பாக்கச் சின்ன நம்பர்தான், 160 இல நிக்கிற ஆள் உப்பைக் குறைச்சு மட்டும் 120க்கு வரமாட்டார், அதால குளிசையை நிப்பாட்டிப்போட்டு உப்பை மட்டும் குறைக்கிறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ.

சின்ன இறக்கம் பெரிய வேலை செய்யும் எண்டதுக்கு சீனாவில செய்த ஒரு பரிசோதனை இருக்கு, 2021 இல வெளிவந்தது. 600 கிராமங்கள், 20,995 பேர், எல்லாரும் ஏற்கெனவே பாரிசவாதம் வந்த ஆக்கள் இல்லாட்டி அறுபது தாண்டின பிறசர்க்காரர். பாதிக் கிராமங்களுக்கு அவையின்ர உப்புக்குப் பதிலா வேற ஒரு உப்புக் குடுத்தவை, அதில நாலில ஒரு பங்கு சோடியத்துக்குப் பதில் பொற்றாசியம். சமையலை மாத்தேல்லை, புத்திமதி பெரிசா இல்லை, உப்பை மட்டும்தான் மாத்தினது. கிட்டத்தட்ட அஞ்சு வருசத்தில பாரிசவாதம் 14 வீதத்தால குறைஞ்சுது. பொற்றாசியத்துக்கும் அதில பங்கு இருக்கு, அது கிட்னியைச் சோடியத்தை விடப்பண்ணும்.

## அப்ப டொக்டர்மாரே ஏன் அடிபடுகினம்

உப்பைக் குறைச்சாத்தான் ஆபத்து எண்டு சொல்லுற வீடியோக்கள் சும்மா வானத்தில இருந்து விழேல்லை. பல நாடுகளில ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்களைப் பாத்த பியூர் எண்ட ஆய்வு 2014 இல வந்தது, அதில உப்பு மிகக் கூடின ஆக்களுக்கும் ஆபத்துக் கூட, மிகக் குறைஞ்ச ஆக்களுக்கும் ஆபத்துக் கூட, நடுவில உள்ள ஆக்கள்தான் நல்லா இருந்தவை.

இதில ரெண்டு சிக்கல். ஒரு ஆள் எவ்வளவு உப்புச் சாப்பிடுறார் எண்டு அவை காலமை எடுத்த ஒரு தரம் மூத்திரத்தை வச்சுக் கணக்குப் பண்ணினவை, உண்மையில உப்பு ஒவ்வொரு நாளும் மாறும், நேற்றுக் கருவாடு எண்டா இண்டைக்கு நம்பர் வேற. சரியான வழி 24 மணித்தியாலமும் போற மூத்திரத்தைச் சேத்து அளக்கிறது, அதுவும் ஒண்டுக்கு மேற்பட்ட நாள். ரெண்டாவது, உப்புக் குறைவாச் சாப்பிடுற ஆக்களில கொஞ்சப்பேர் ஏற்கெனவே வருத்தக்காரர், சாப்பாடே குறைவு, இல்லாட்டி டொக்டர் சொல்லிக் குறைச்சவை. அவை செத்தா உப்புக் குறைஞ்சதாலயோ வருத்தத்தாலயோ? 24 மணித்தியால மூத்திரத்தைப் பலமுறை சேத்து அளந்த ஆறு ஆய்வுகளை, 10,709 பேரை, ஒண்டாச் சேத்து 2022 இல பாத்தநேரம் நடுவில உள்ள ஆக்களுக்கு மட்டும் ஆபத்துக் குறையிற அந்த நடுப்பள்ளம் தெரியேல்லை, உப்புக் கூடக்கூட இதய வருத்தமும் பாரிசவாதமும் கூடிக்கொண்டு போச்சுது.

மிகக் குறைஞ்ச அளவு நல்லதோ எண்டதில இன்னும் வாக்குவாதம் இருக்கு, அது ஞாயமான வாக்குவாதம். ஆனா அந்தச் சண்டை நடக்கிறது 7 கிராமுக்குக் கீழ எங்க நிப்பாட்டுறது எண்டதில, மிகக் கூடின உப்பு கூடாது எண்டதில ரெண்டு கட்சியும் ஒண்டுதான். ஒரு நாளைக்கு 15 கிராம் தின்னிற ஆள் அந்த வீடியோவைக் காட்டித் தப்பேலாது.

பாட்டன் பூட்டன் கதைக்கும் இதுக்குள்ளயே பதில். அவை வேர்வை சிந்தித் தோட்டம் செய்தவை, ஒரு லீற்றர் வேர்வையோட ஒரு கிராம்வரைக்கும்கூட சோடியம் போகலாம். அதோட அந்தக் காலத்தில பிறசர் அளந்தது ஆர்? நல்லா இருந்த மனுசன் திடீரெண்டு விழுந்து செத்துப்போனார் எண்டு சொல்லுற கதை எங்கட எல்லாக் குடும்பத்திலயும் ஒண்டு கிடக்குத்தானே, தொண்ணூறு வரைக்கும் இருந்தவரைப்பற்றித்தான் நாங்கள் கதைக்கிறம்.

## எங்கட கோப்பையில உப்பு எங்க நிக்குது

மேசைப் போத்தல் இதில சின்ன ஆள். பாண் உப்பா இருக்கிறேல்லை எண்டு நினைப்பியள், பொதுவா நூறு கிராம் பாணில ஒரு கிராம் மட்டில உப்பு வரும், அப்ப அரை றாத்தல் பாணோட ரெண்டு கிராம் போட்டுது, சம்பல் இன்னும் தொடேல்லை. கருவாடு நூறு கிராமில 10 கிராமுக்கு மேல உப்பு இருக்கிறது சாதாரணம், நாங்கள் அவ்வளவு தின்னிறேல்லை எண்டாலும் ரெண்டு துண்டே காணும். தண்ணியில ஊறவிட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமைச்சா கொஞ்ச உப்புப் போகும், ஆனா சிலபேர் ஊறவச்சும் போட்டு பிறகு குழம்புக்கு வழமைபோல உப்புப் போடுகினம். நூடில்ஸ் பக்கெற் ஒண்டில, அந்தச் சின்ன மசாலாப் பையோட, 2 கிராம் உப்பு சும்மா வரும். சூப் கட்டி, சோயா சோஸ், மிக்சர், பருத்தித்துறை வடை எல்லாம் இந்தக் கூட்டம். அஜினமோட்டோவிலயும் சோடியம் இருக்கு, ஆனா உப்பில இருக்கிறதில மூண்டில ஒரு பங்குதான், அதைக் கண்டு பயப்பிடுற அளவுக்கு உப்பைக் கண்டு பயப்பிடாதது பகிடிதான். கடைப் பக்கெற்றுகளில சீனி, உப்பு, கொழுப்புக்கு சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு வட்டம் போட்டிருக்கும், உப்புக்கு நேர சிவப்பெண்டா அது எப்பவாவது ஒருநாளைக்கு.

தண்ணியைப் பற்றியும் கேப்பியள். வலிகாமத்துக் கிணறுகளில கேத்திலில வெள்ளையாப் படியிறது கல்சியம், அது சோடியம் இல்லை, பிறசருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. தீவுப்பகுதி உவர்க் கிணறு வேற கதை, அதில சோடியம் இருக்கு. வாயில உப்புக் கரிக்கத் தொடங்குறது சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராம் மட்டில, அப்பிடியான தண்ணி ரெண்டு லீற்றர் குடிச்சா ஒரு கிராம் உப்பு, நல்லா உவர் எண்டா அதைவிடக் கூட. கிட்னியில கல்லு வாறதுக்கும் உப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கு, சோடியம் கூட வெளியில போகேக்க கல்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், கல்லு வந்த ஆக்கள் தண்ணியைக் குறைசொல்ல முதல் ஊறுகாயையும் ஒருக்கா யோசியுங்கோ.

வீட்டில எவ்வளவு போகுது எண்டு பாக்க ஒரு சுகமான வழி, உப்புப் பக்கெற்றை உடைச்ச திகதியைப் பக்கெற்றிலயே எழுதுங்கோ. நாலு பேர் உள்ள வீட்டில 400 கிராம் பக்கெற் 20 நாளில முடிஞ்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அது சமையலறையில இருந்து மட்டும், பாணும் மிக்சரும் தனி. கறிக்கு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா நாக்கு சில கிழமையில பழகிடும், தேசிக்காய்ப் புளியும் மிளகும் அந்த இடத்தை நிரப்பும், ஒரே நாளில பாதியாக்கினா அடுத்த நாளே போத்தல் திரும்பி மேசைக்கு வந்திடும்.

## குறைக்கமுதல் கேக்கவேண்டிய ஆக்கள்

எல்லாருக்கும் ஒரே புத்திமதி சரிவராது. பிறசருக்கு மூத்திரம் போகப்பண்ணுற குளிசை எடுக்கிற வயசான ஆக்கள் சிலபேர் உப்பை ஒரேயடியா நிப்பாட்டி, அதோட தண்ணியும் கூடக் குடிச்சு, ரத்தத்தில சோடியம் 120க்கு இறங்கி, ஆளையே அடையாளம் தெரியாமக் கதைக்கிற நிலைக்கு வந்து ஆசுபத்திரியில நிப்பாட்டவேண்டி வாறது. வீட்டுக்காரர் முதல் நினைக்கிறது மறதி வருத்தம் எண்டு. அம்மம்மா திடீரெண்டு குழம்பிக் கதைக்கத் தொடங்கினா, நேற்றுவரைக்கும் நல்லா இருந்தவ எண்டா, சோடியத்தைப் பாக்கச்சொல்லிக் கேளுங்கோ.

சீனாவில குடுத்தமாதிரி பொற்றாசியம் கலந்த குறைசோடிய உப்பை உலக சுகாதார நிறுவனமே 2025 இல பரிந்துரைச்சது, ஆனா கிட்னி வருத்தம் உள்ள ஆக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளையளுக்கும் அந்தப் பரிந்துரை இல்லை. கிட்னி இயலாத ஆளுக்குப் பொற்றாசியம் வெளியில போகாது, ரத்தத்தில ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும், சில பிறசர்க் குளிசையளும் பொற்றாசியத்தைப் பிடிச்சுவைக்கும். வெளிநாட்டில இருந்து மகன் அனுப்பின நல்ல உப்பு எண்டு அதை நம்பி அள்ளிப் போடாம, அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க குளிசைப் பையோட அந்தப் பக்கெற்றையும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ.